இடுப்பில் இருப்பது வீட்டுக்குத் தெரிய வேண்டும்

போன மாதம் ஒரு பழைய சகா தொலைபேசியில் பேசினார். என்னோடு பொலிஸில் இருந்தவர், இப்போது கொழும்பில் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் மேற்பார்வையாளர். யாரோ ஒரு கம்பெனி முதலாளிக்குச் சட்டைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொள்ளச் சின்னதாக, பாரமில்லாததாக ஒரு ரிவோல்வர் வேண்டுமாம். "நீங்கதான் அதுலயே கெடந்த ஆளு. எது நல்லதுன்னு சொல்லுங்க" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை, பதில் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல ஒரு தொலைபேசி அழைப்பு போதாது. எழுதினால் மனப் பாரம் குறையும் என்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஓய்வுபெற்றவனுக்குக் கையில் நேரம் கிடக்கிறது, அவ்வளவுதான்.

நான் பசறை வீதியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். பள்ளிக்கூடம் முடிந்து இரண்டு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்ப்பவருக்குக் கையாளாக இருந்தேன். பொலிஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். எடுப்பார்கள் என்று நானே நம்பவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் ஓடினோம், மத்தியானம் சட்டம் படித்தோம், எந்நேரமும் சிங்களம் பேசினோம். பதுளைக் கடைவீதியில் பொறுக்கிய என் சிங்களத்தைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். ஆறு மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. தமிழ்க் கான்ஸ்டபிளை எங்கே போடுவது என்பதில் மேலிடத்துக்கு எப்போதும் குழப்பம். சண்டை நடக்கிற பக்கம் அனுப்பவும் யோசனை, சோதனைச் சாவடியில் நிறுத்தவும் யோசனை. கடைசியில் பதுளையிலேயே வாக்குமூலங்களை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து என்னை ஆயுதக் களஞ்சியத்துக்கு எடுத்தவர் இன்ஸ்பெக்டர் ஹேமபால. ஒரு நாள் ஏதோ கடிதம் கொடுக்க அவர் அறைக்குப் போனேன். மேசையில் ஒரு பழைய ரிவோல்வர் கிடந்தது, சிலிண்டர் சுற்றாமல் சிக்கிக்கொண்டு. அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் தொழிற்சாலைப் பழக்கத்தில் அதை வாங்கி, கழற்றி, உள்ளே அடைத்திருந்த அழுக்கைக் குச்சியால் எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பிக் கொடுத்தேன். கேட்காமல் மேலதிகாரியின் கையிலிருந்து ஆயுதத்தை வாங்கியிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் சிலிண்டரைச் சுற்றிப் பார்த்தார். அடுத்த வாரம் எனக்கு மாற்றல் கடிதம் வந்தது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். ஆயுத அறைச் சாவியை ஒரு தமிழனிடம் கொடுப்பதா என்று மேலேயிருந்து கேட்டிருக்கிறார்கள். "அவனுக்கு நான் பொறுப்பு" என்று அவர் எழுத்திலேயே கொடுத்திருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்த கிளார்க் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஹேமபால சேர் ஒல்லியான மனிதர். சீனி போடாத தேநீரைக் கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டு குடிப்பார். குரலை உயர்த்த மாட்டார். மற்ற நாட்களில் நான் பெருமாள், கோபம் வந்தால் மிஸ்டர் பெருமாள். அந்த மிஸ்டரைக் கேட்டால் செய்த வேலையை முதலிலிருந்து திரும்பச் சரிபார்ப்பேன். எந்த ஆயுதம் கைக்கு வந்தாலும், யார் கொடுத்தாலும், அது வெறுமை என்று ஆயிரம் பேர் சத்தியம் செய்தாலும், திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் ரவை போடும் குழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு என்னிடம் தருவார், நானும் பார்க்க வேண்டும். நான் பார்த்ததை அவர் பார்ப்பார். அவரோடு இருந்த காலமெல்லாம் இந்தக் கூத்து ஒரு நாள்கூடத் தவறவில்லை.

எங்கள் வேலை இதுதான். உயிருக்கு ஆபத்து என்று அமைச்சின் கடிதத்தோடு வருபவர்களுக்கு அலமாரியில் இருப்பதில் பொருத்தமானதைத் தேர்ந்து, கற்றுக்கொடுத்து, கையெழுத்து வாங்கி, கொடுத்தனுப்ப வேண்டும். அரசியல்வாதிகள் வருவார்கள், தோட்டத்துத் துரைமார் வருவார்கள், பெரிய வழக்குகளின் சாட்சிகள் வருவார்கள். அலமாரியில் இருந்தவை பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று நாலு அங்குலக் குழலும் ஆறு ரவையுமாக முழு இரும்பு, ஏறக்குறைய ஒரு கிலோ. மற்றது இரண்டு அங்குலக் குழலும் ஐந்து ரவையுமாகச் சின்னது. அதன் உடம்பு லேசான உலோகம், பெரியதில் பாதிகூடப் பாரமில்லை.

வருகிற எல்லோருக்கும் சின்னதன்மேல்தான் கண் விழும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும். நான் அவர்களைச் சுடும் திடலுக்குக் கூட்டிப்போய் ஐந்து ரவை சுடச் சொல்வேன். மூன்றாவது ரவையில் கையை உதறுவார்கள். பாரம் குறைந்தால் உதை கூடும், அது கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. குழல் குட்டையாக இருப்பதால் பத்தடிக்கு அப்பால் குறி எங்கோ போகும். பின்னால் இருக்கும் சுத்தியின் நுனி சட்டையில் மாட்டும். இவ்வளவையும் சொன்ன பிறகும் முக்கால்வாசிப் பேர் சின்னதைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் அதை வைத்திருப்பது யாருக்கும் தெரியாது.

அதற்காகத்தான் ஹேமபால சேர் இரண்டு மரத் துப்பாக்கிகள் செய்து வைத்திருந்தார். கடைவீதித் தச்சர் ஒருவரைக் கொண்டு பலா மரத்தில் செதுக்கி, உள்ளே ஈயம் ஊற்றி, ஒன்றைப் பெரியதன் எடைக்கும் மற்றதைச் சின்னதன் எடைக்கும் சரியாக்கியிருந்தார். கேட்டு வருபவர் ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுக்க இடுப்பில் செருகிக்கொண்டு தன் வழக்கமான வேலைகளைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் ஏற வேண்டும், சாப்பிட உட்கார வேண்டும், குனிந்து பிள்ளையைத் தூக்க வேண்டும். பிறகு வந்து சொல்ல வேண்டும். ஒரு மாகாண சபைக்காரர் முதல் நாளே அதைக் கழிவறையில் மறந்துவிட்டு வந்தார். ஹேமபால சேர் அவருக்குத் தேநீர் கொடுத்து, இப்போதைக்கு ஆயுதம் வேண்டாம், ஒரு நாய் வளர்க்கலாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

இன்னொரு விதியும் இருந்தது. அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. பதிவேட்டில் அவரே சிவப்பு மையால் ஒரு நிரல் கோடு போட்டு, வீட்டாருக்கு அறிவிக்கப்பட்டது என்று தலைப்பு எழுதியிருந்தார். ஆயுதம் வாங்குபவர் தன் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அவர் முன்னால் ரிவோல்வரை மேசையில் வைத்து, இனிமேல் இது இவர் இடுப்பில் இருக்கும் என்று சொல்லுவோம். அவர் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் சேர் இது என்று நான் முதல் மாதத்தில் கேட்டேன். கள்ளனுக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் இடுப்பில் இருப்பது வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்றார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. வயதான மனிதரின் பிடிவாதம் என்று நினைத்தேன்.

இனி மகேந்திரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். லுணுகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது உதவி நிர்வாகி. தோட்டத்தின் பெயரை எழுதவில்லை, அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. லயத்தில் பிறந்து, படித்து, துரை உத்தியோகத்துக்கு வந்தவன். அப்படி வந்தவர்களை அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணலாம். உண்மையில் அவர் என்றுதான் நான் எழுத வேண்டும், ஆனால் கை வரவில்லை. தோட்டத்து எல்லையில் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்களைக் காட்டிக்கொடுத்ததற்காக அவனுக்குக் கொலை மிரட்டல் வந்திருந்தது. பங்களா ஜன்னல்களை உடைத்தார்கள். மலையில் நடந்து போகும்போது பின்னாலிருந்து கத்தியோடு ஒருவன் பாய்ந்திருக்கிறான். தோள்பட்டையில் ஆறு தையல். அந்தத் தழும்போடுதான் எங்களிடம் வந்தான்.

இரண்டு மரத் துப்பாக்கிகளையும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு திரிந்தான். பெரியதோடு ஒரு நாள் மலை ஏறி இறங்கியதில் அரைக்கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்றான். சின்னதைப் பற்றிச் சொன்னபோது சந்தோஷமாக இருந்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டார்களாம், அவர்களுக்குக்கூடத் தெரியவில்லையாம். அதைக் கேட்ட ஹேமபால சேரின் முகம் சுருங்கியது. சின்னதைக் கொடுக்கலாம், ஆனால் அம்மாவைக் கூட்டிவந்து காட்டிய பிறகுதான் என்றார்.

மூன்று நாள் கழித்து மகேந்திரன் தனியாக வந்தான். ஹேமபால சேர் வழக்கொன்றுக்காகப் பண்டாரவளைக்குப் போயிருந்தார். அம்மா வரவில்லையா என்று சிங்களத்தில் கேட்டேன். அந்தக் கட்டடத்தில் வாயைத் திறந்தால் எனக்குச் சிங்களம்தான் வரும். அவன் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினான்.

"அண்ணே, அம்மாகிட்ட சொன்னா மத்தியானத்துக்குள்ள பத்து லயத்துக்கும் தெரிஞ்சிரும். எங்க மாமா அந்தத் தோட்டத்துலதான் வேலை செய்யிறாரு. காலையில பெரட்டுல அவரு வரிசையில நிப்பாரு, நா முன்னுக்கு நிப்பேன். அதுவே எனக்குக் கூச்சமா இருக்கு. இதுல இடுப்புல துப்பாக்கியும் இருக்குன்னு தெரிஞ்சா, நா எப்படிண்ணே அவரு மூஞ்சிய பாக்குறது?"

பெரட்டு என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விடிகாலைப் பனியில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலைக்குப் பிரிக்கும் அந்தக் களத்தில் என் அப்பாவும் நின்றிருக்கிறார். ஆனால் என்னைக் கவிழ்த்தது அந்த நினைப்பு இல்லை. அண்ணே என்ற சொல்தான். அந்தக் கட்டடத்துக்குள் அத்தனை வருஷத்தில் யாரும் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. பெருமாள், கான்ஸ்டபிள், தமிழ்ப் பொலிஸ்காரன் என்ற அர்த்தத்தில் தெமள ராளஹாமி என்றெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் ஹேமபால சேரின் சிவப்புக் கோடு எனக்கு யாரோ ஊரார் போட்ட கோடாகத் தெரிந்தது. நம்முடைய ஆட்களின் கூச்சம் அவருக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன்.

பதிவேட்டைத் திறந்து அவனுடைய அம்மாவின் பெயரைக் கேட்டு எழுதினேன். பாக்கியம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். ஒரு தோட்டத்து அம்மாவுக்கு என்ன கையெழுத்து வரப்போகிறது? என் அம்மா கடைசிவரை பெருவிரல்தான் வைத்தார். மைப்பெட்டியைத் திறந்து அவன் பக்கம் தள்ளி, "இடது பெருவிரல வைங்க தம்பி, போதும்" என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். எனக்கு அவசரம், பஸ்ஸில் ஹேமபால சேர் திரும்பி வந்துவிடுவாரோ என்ற பயம். அவன் கையைப் பிடித்து நானே வைத்தேன். அம்மாவின் பெயருக்கு நேரே மகனின் விரல் பதிந்தது.

மறுநாள் காலை பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஹேமபால சேர், அம்மா வந்தார்களா என்று கேட்டார். வந்தார்கள் சேர் என்றேன். என்ன சொன்னார்கள் என்றார். அழுதார்கள் என்றேன். பொய் சொல்லத் தொடங்கினால் அதற்குக் கண்ணும் மூக்கும் தானாக வந்துவிடுகிறது. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மகேந்திரனுக்குப் பத்து ரவை கொடுத்தோம். ஐந்து ரிவோல்வருக்குள், ஐந்து மேலதிகமாக. அதன் பிறகு அவன் அதைக் கழற்றவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. பெரிய ரிவோல்வர் வாங்கிப் போனவர்கள் ஒரு மாதத்தில் அலுத்து அதை இழுப்பறையில் போட்டுப் பூட்டுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சின்னது அப்படி அலுப்பதில்லை. அது இருப்பதே மறந்துவிடும், ஆனால் கைக்கு மறக்காது. கத்தி வெட்டு வாங்கியவன், பின்னால் சருகு அசைந்தாலும் அவன் கை இடுப்புக்குப் போகப் பழகிவிட்டது.

அந்த வருஷத்து மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள், மஞ்சள் தண்ணி ஊற்றும் நாள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முறைப் பெண்கள் முறைமாமன்மாரைத் துரத்தித் துரத்தி மஞ்சள் தண்ணியால் நனைப்பார்கள். ஓடுகிற மாப்பிள்ளையை மச்சான்மார் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொடுப்பார்கள். துரை உத்தியோகம் பார்த்தாலும் அன்றைக்கு மகேந்திரன் அவர்களுக்கு மருமகன், மச்சான். வேட்டி கட்டி, சட்டையை வெளியே விட்டு, கோயிலடியில் நின்றிருக்கிறான். நடுப்பகல். மாமா காளிமுத்துவின் மகன் சிவலிங்கம், தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன், மகேந்திரனை விட இரண்டு வயது இளையவன், சத்தமில்லாமல் பின்னால் வந்து இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிப் பிடித்தான். முந்தின வருஷமும் அவன்தான் பிடித்தானாம்.

திமிறித் திரும்பும்போதே மகேந்திரனின் கை தானாகவே இடுப்புக்குப் போனது. ஒரே ஒரு வெடி. சிவலிங்கத்தின் வயிற்றில் பட்டது. பட்டாசு என்று நினைத்துப் பெண்கள் இன்னும் ஒரு குடம் தண்ணியை ஊற்றினார்களாம். தோட்டத்து லொறியில் போட்டு லுணுகலைக்கும், அங்கிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தார்கள். பசறையைத் தாண்டும்போது உயிர் போய்விட்டது.

செய்தி வந்ததும் ஹேமபால சேர் என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரேத அறைக்கு வெளியே காளிமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் மஞ்சள். அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு மொழிபெயர்ப்பது என் வேலை. நான் ஒன்றும் கேட்பதற்கு முன்னால் அவரே தலையை நிமிர்த்தினார். "அய்யா, மருமகன்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு எங்களுக்கு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா, எம்புள்ள அவரத் தொட்டிருக்க மாட்டானே" என்றார். சேர் என் முகத்தைப் பார்த்தார். நான் அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். சொன்னேன். எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் அதைவிடக் கஷ்டமான ஒரு வசனத்தை நான் பேசியதில்லை.

அதோடு முடியவில்லை. மேலதிகமாகக் கொடுத்த ஐந்து ரவையையும் திரும்ப எடுக்க வேண்டும். மகேந்திரன் காவலில் இருந்தான். மறுநாள் நாங்கள் இருவரும் சின்னத்துரை பங்களாவுக்குப் போனோம். அந்த அம்மா தனியாக இருந்தார். அண்ணன் வீட்டுச் சாவுக்குப் போகவும் முடியாமல், மகனைப் பார்க்கவும் முடியாமல், முன் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டதும் எழுந்து போய் அலமாரியிலிருந்து சின்னத் தகரப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். அதற்குள் என்ன இருந்தது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஐந்தும் சரியாக இருந்தன. ஒப்படைத்ததற்கு ஒரு காகிதத்தில் அவருடைய ஒப்பம் வேண்டும். நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன், பழக்க தோஷத்தில் மைப்பெட்டியையும் எடுத்துத் திறந்து நீட்டினேன்.

அவர் மைப்பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பேனா குடுங்கய்யா. எனக்குக் கையெழுத்து வரும். எம்மகந்தான் சொல்லிக்குடுத்தான்."

மைப்பெட்டி திறந்தபடி என் கையிலேயே இருந்தது. ஹேமபால சேர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா காகிதத்தைத் தரையில் வைத்து, குனிந்து, பாவன்னாவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். கடைசி மகரத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். சேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் அது பெருவிரல் இல்லை என்பது தெரிய எந்த மொழியும் வேண்டாம். மகேந்திரன் அன்றைக்கு வாயெடுத்தது இதைச் சொல்லத்தான். நம்முடைய ஆட்கள், நம்முடைய ஆட்கள் என்று நெஞ்சு உருகி நின்ற நான்தான் ஒரு தோட்டத்து அம்மாவுக்குப் பேனா பிடிக்க வராது என்று முடிவு செய்திருந்தேன். கொழும்பில் பிறந்த ஒரு துரைகூட அவ்வளவு சுலபமாக முடிவு செய்திருக்க மாட்டார். அந்த வெட்கம் இன்றைக்கும் குறையவில்லை.

பதுளைக்குத் திரும்பும் வழியெல்லாம் ஜீப்பில் மிஸ்டர் பெருமாள் என்ற குரலுக்காகக் காத்திருந்தேன். அவர் கூப்பிடவில்லை. வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

விசாரணைக்குத் தலைமையகத்திலிருந்து ஓர் உயரதிகாரி வந்தார். அவர் கையில் இருந்தது எங்கள் பதிவேடு மட்டும். அம்மா எழுதிக்கொடுத்த காகிதம் லுணுகலையில் வழக்குக் கோவைக்குள் போய்விட்டது, அதை யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் என் நிலைமை என்ன என்று வாசிக்கிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். போர் நடக்கிறது, அவசரகாலச் சட்டம் இருக்கிறது. ஆயுதப் பதிவேட்டில் பொய் எழுதி ஒரு தமிழனுக்கு ரிவோல்வர் கொடுத்த தமிழன் நான். உத்தியோகம் போவதோடு நிற்காது. என்னை எங்கே கொண்டுபோவார்கள், திரும்பி வருவேனா என்பதை என் மனைவிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்போது என் மூத்தவளுக்கு நாலு வயது.

இது யாருடைய பெருவிரல் என்று அதிகாரி கேட்டார். தாயாருடையது சேர் என்றேன். இரண்டாவது தடவையும் அதே பொய். பிறகு அவர் ஹேமபால சேர் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சேர் வழக்கமான குரலில் பதில் சொன்னார். அந்தத் தாயை நேரில் பார்த்துப் பேசியிருக்க வேண்டியவன் நான், பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், கவனக்குறைவு என்னுடையது என்றார். வேறு யாரையும் குறை சொல்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றார்.

அவருக்குக் கிடைக்கவிருந்த பதவி உயர்வு அதோடு போனது. மொனராகலைக்கு மாற்றினார்கள். போகிற நாளில் சாவிக் கொத்தை எண்ணி என்னிடம் கொடுத்தார். ஒவ்வொன்றாக நானும் எண்ணினேன். நான் எண்ணியதை அவர் பார்த்தார். சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. போய்வருகிறேன் என்றார், சரி சேர் என்றேன். மகேந்திரனை நீதிமன்றம் பிறகு விடுதலை செய்தது. அவன் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. கொழும்பில் ஏதோ கடையில் இருப்பதாகக் கேள்வி. காளிமுத்து அதே மலையில்தான் ஓய்வுபெற்றார்.

எது நல்லது என்று கேட்ட சகாவுக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். சின்னதை எடுப்பதில் பிழையில்லை. உதை தாங்குமா என்று சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுத்தி உள்ளே மறைந்த வகை கிடைத்தால் அதை எடுங்கள், துணியில் மாட்டாது. நல்ல இறுக்கமான உறை வாங்குங்கள், வேட்டி மடிப்பில் செருக விடாதீர்கள். இவையெல்லாம் யாரும் சொல்வார்கள். வாங்குபவரின் மனைவியை, பிள்ளைகளை, அவர் தோளில் கை போட உரிமையுள்ள எல்லோரையும் கூப்பிட்டு, இவர் இடுப்பில் இது இருக்கிறது என்று சொல்லுங்கள். அது சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் கொடுக்காதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் மொனராகலைக்குப் பஸ் ஏறினேன். அதற்கு முன்னால் ஏறாததற்கு ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். ஹேமபால சேர் மனைவியின் காணியில் சின்ன வீடு கட்டிக்கொண்டு இருந்தார். சீனி வியாதியில் கால்கள் வீங்கி, வாசலில் சாய்வுநாற்காலியில் கிடந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். என் பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொருவராகக் கேட்டார். மூத்தவள் ஆசிரியை என்றதும் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். வழியெல்லாம் சிங்களத்தில் ஒத்திகை பார்த்து வந்த வசனத்தை நான் தொடங்கினேன். சேர், அந்தக் கைநாட்டு, என்றேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

தெரியும் என்றார். அன்றைக்கு அந்த அம்மா பேனா கேட்டபோதே தெரியும். உண்மையைச் சொல்லியிருந்தால் உன்னை எங்கே கொண்டுபோயிருப்பார்கள் என்பதும் தெரியும். உனக்காக நானே எழுத்தில் பொறுப்பு எடுத்தவன், அந்த நேரத்தில் அதை எப்படித் திருப்பி வாங்குவது? பதவி உயர்வு போனதில் எனக்கு வருத்தமில்லை. இவ்வளவையும் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காததுபோலத் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பதுளையிலயிருந்து இங்க வர பஸ்ஸுல ரெண்டரை மணித்தியாலம்தானே, பெருமாள்?"

அவர் மாற்றலாகிப் போய் இருபத்தைந்து வருஷம், நான் ஒரு தடவைகூட வந்திருக்கவில்லை. அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார்.